சக்கரத்துக்குள் மாவாட்டும் சத்தம்: முன் வீல் பேரிங் எப்படிச் சாகிறது, எப்படி மாற்றுகிறார்கள்

"ஏஞ்சாமி, வண்டிக்குள்ள ஆரு மாவாட்டறாங்க?"

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பல்லடம் வழியாக சூலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டிலிருந்து அம்மா இப்படிக் கேட்டதும் பாட்டை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். அறுபதில் போனால் 'ஊ...' என்று ஒரு முனகல். எண்பதுக்கு ஏற்றினால் அது ஓங்கியது. நாற்பதுக்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிட்டது. வீட்டுப் பழைய கிரைண்டரில் அரிசி தீர்ந்து கல் மட்டும் சுற்றும்போது வருமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம்.

டயர் தேய்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, முன்னால் இரண்டு டயர் புதிதாகப் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. போனது காசுதான். பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் மாற்றினார்கள். நாலே மாதம், சத்தம் திரும்ப வந்தது. மூன்றாவது முறைதான் வேலை ஒழுங்காக நடந்தது. அந்த மூன்றாவது முறையில் கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இரண்டு முறை காசு போனவன்.

பேரிங் என்ன வேலை செய்கிறது

எங்கள் அப்புச்சி வீட்டு மாட்டு வண்டியில் பேரிங் கிடையாது. இரும்பு அச்சின் மேல் சக்கரத்தின் குடம் உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலைக் குறைக்க வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை போடுவார்கள். போட மறந்தால் அடுத்த ஊர் வரைக்கும் கிறீச் சத்தம் கேட்கும். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் போகிற வேகத்துக்கு அந்த ஏற்பாடு போதும். காருக்குப் போதாது.

கிணற்று மேட்டுக்குக் கனமான மோட்டாரை நகர்த்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தரையில் இழுக்க மாட்டார்கள். அடியில் இரண்டு மூன்று பைப் துண்டுகளைப் போட்டு உருட்டிக்கொண்டு போவார்கள். உரசுவதை விட உருள்வது சுலபம். பேரிங்கின் மொத்தச் சூத்திரமும் அதுதான். இந்த யோசனை வண்டிக்கு வந்ததும் பழைய கதைதான். வேல்ஸ் நாட்டு இரும்புப் பட்டறைக்காரர் பிலிப் வான் என்பவர் 1794-ல் வண்டி அச்சுக்குக் குண்டு வைத்த பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக ஒன்றும் இருக்காது. வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம். இரண்டிலும் வழவழவென்று ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளங்களுக்கு நடுவே குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்து வைக்க ஒரு கூண்டு. கொஞ்சம் கிரீஸ். இரண்டு ஓரத்திலும் தண்ணீரும் தூசியும் போகாமல் ரப்பர் சீல். அவ்வளவுதான். கொங்கு நாட்டில் கிணற்று மோட்டாருக்கு பேரிங் மாற்றாத வீடு குறைவு. அதே சாமான்தான் இது, கொஞ்சம் மாறிய உருவத்தில்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. மோட்டார் பேரிங்கின் மேல் 6204, 6205 என்று எண் பொறித்திருக்குமே, அதில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 04 என்றால் 20, 05 என்றால் 25. கார் வீல் பேரிங்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதன் எண்கள் வேறு வகை. ஆனால் அடுத்த முறை மோட்டாருக்கு வாங்கப் போகும்போது உதவும்.

காரின் முன் பேரிங்கில் குண்டு ஒரு வரிசை இல்லை, இரண்டு வரிசை. உள் வளையமும் ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு பாதியாக இருக்கும். காரணம், முன் சக்கரம் மேலிருந்து வருகிற பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. வளைவில் பக்கவாட்டிலும் தள்ளு வாங்குகிறது. அதனால் குண்டுகள் பள்ளத்தில் நேராக உட்காராமல் சற்றுச் சாய்வாக உட்காரும்படி செய்திருக்கிறார்கள். ஒரு வரிசை ஒரு பக்கத்துத் தள்ளையும் மற்றது மறு பக்கத்துத் தள்ளையும் வாங்கிக்கொள்ளும்.

இப்போது இது எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். நக்கிள் என்று ஒரு இரும்பு வார்ப்பு இருக்கிறது. மேலே ஷாக் அப்சார்பரோடும் கீழே லோயர் ஆர்மோடும் சேர்ந்து, ஸ்டியரிங் திருப்பினால் திரும்புகிற பாகம். அதில் ஒரு வட்டத் துளை. பேரிங்கின் வெளி வளையம் அந்தத் துளைக்குள் இறுக்கமாக உட்காரும், சுற்றாது. வீல் நட்டுகள் பூட்டுகிற தட்டுக்கு ஹப் என்று பெயர். ஹப்பின் குழாய் பேரிங்கின் உள் வளையத்துக்குள் இறுக்கமாக நுழையும். இரண்டும் சேர்ந்து சுற்றும். இன்ஜினிலிருந்து வருகிற டிரைவ் ஷாஃப்ட், ஹப்பின் நடுவே பல் பல்லாகக் கோத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும். அதன் மேல் ஒரு பெரிய நட்டு. சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றினால் தெரியுமே, அதுதான்.

இறுக்கம் என்று சொன்னேன். எவ்வளவு இறுக்கம் என்றால், நக்கிளில் உள்ள துளை பேரிங்கை விடத் தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான அளவு சிறியதாக இருக்கும். கையால் தள்ளினால் நுழையவே நுழையாது. பிரஸ் வைத்து டன் கணக்கில் அழுத்தினால்தான் போகும். என் முதல் பேரிங் வேலை பாழானது இந்த இடத்தில்தான். அந்தக் கதை கீழே வருகிறது.

எதனால் போகிறது

சின்ன காரின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 555 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒவ்வொரு பேரிங்கும் ஐந்தரைக் கோடி முறை சுற்றியிருக்கிறது. ஐந்து பேர் ஏறிய வண்டியில் ஒரு முன் சக்கரம் முந்நூறு கிலோ சுமக்கும். அந்த முந்நூறு கிலோவும் குண்டும் பள்ளமும் தொட்டுக்கொள்கிற கடுகளவு இடங்களில் இறங்குகிறது. எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் ஒரு நாள் அலுத்துப்போகும். பள்ளத்தின் மேல்தோல் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கும். அந்த ஏறி இறங்கும் தடதடப்பு வேகமாகும்போது நம் காதுக்கு 'ஊ' என்று கேட்கிறது.

பாரத்துக்கும் ஆயுளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குண்டு பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்குத் தலைகீழாகப் போகும். பாரம் இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு வேண்டாம், பாரம் கால் பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும். உடனே பொள்ளாச்சித் தோட்டத்திலிருந்து டிக்கியில் தேங்காய் மூட்டை ஏற்றி வருகிறவர்கள் திடுக்கிட வேண்டாம், டிக்கிப் பாரம் பெரும்பாலும் பின் பேரிங்கைத்தான் பதம் பார்க்கும். முன் பேரிங்குக்குக் கேடு வேறு வழியில் வருகிறது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்புவது ஒன்று. வால்பாறை போகிற ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27. ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கச் சக்கரம் தன் பங்கைவிடக் கூடுதலாகச் சுமக்கிறது. அழகுக்காக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற அகல வீல் மாட்டுவது இன்னொன்று. குழியில் தடால் என்று விடுவது எல்லாவற்றையும் விட மோசம்.

ஆனால் நம் ஊரில் முன் பேரிங்கைக் கொல்வதில் முதல் இடத்தைத் தண்ணீருக்குத்தான் தருவேன். மழை பெய்தால் கோவையில் ரயில் பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். லங்கா கார்னரில் முழங்கால் தண்ணீரில் காரை விட்டுக் கடந்தவர்கள் நிறையப் பேர். ஓடிச் சூடான பேரிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சீலின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸோடு தண்ணீர் கலந்தால் துரு. வாட்டர் வாஷில் சக்கரத்துக்குள் நேராக பிரஷர் கன்னைப் பிடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சத்தம் பேரிங்கா, எந்தப் பக்கம்

இதை யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம், கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். வண்டி போகிற வேகத்தோடு கூடிக் குறைந்தால் சக்கரப் பக்கம். ஓடும்போது கிளட்சை மிதித்து இன்ஜின் சுற்றைக் குறைத்தாலும் சத்தம் மாறாமல் இருந்தால் இன்ஜின் மேல் பழி போட வேண்டியதில்லை. அடுத்த சந்தேகம் டயர். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தாரில் ஒரு மாதிரி, ஜல்லி பெயர்ந்த ரோட்டில் ஒரு மாதிரி. பேரிங் எந்த ரோடானாலும் ஒரே ராகம்தான் பாடும். நான் டயர் வாங்குவதற்கு முன் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பார்த்திருந்தால் போதும், சத்தம் இடம் மாறவில்லை என்று தெரிந்திருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால் அது டிரைவ் ஷாஃப்ட் நுனியில் இருக்கிற ஜாயின்ட். அது வேறு கதை.

இனி பக்கம். வண்டி இடது பக்கம் வளைந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிற நாம் வலது பக்கம் சாய்வோம் அல்லவா, வண்டியும் அப்படித்தான் சாய்கிறது. பாரம் வலது சக்கரத்தில் இறங்குகிறது. அப்போது சத்தம் ஓங்கினால் வலது பேரிங். வலது பக்கம் வளையும்போது ஓங்கினால் இடது பேரிங். அவிநாசிக்கும் பெருந்துறைக்கும் நடுவே என்.எச். 544-ல் முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, லேசாக அகன்று போகிற வளைவுகளில் காது கொடுத்தேன். வலது வளைவில் எழும்பியது, இடது வளைவில் கிட்டத்தட்ட நின்றே போனது. ஆக, இடது பேரிங். நம் ஊரில் குழியும் தேங்கிய தண்ணீரும் பெரும்பாலும் ரோட்டின் இடது ஓரத்தில்தான். அதனால் இது எனக்கு வியப்பாகவும் இல்லை.

வண்டியின் கூண்டு வழியாகச் சத்தம் பரவுவதால் காது சில சமயம் ஏமாற்றும். உறுதி செய்ய சக்கரத்தைத் தூக்க வேண்டும். ஜாக்கி மட்டும் போதாது, அடியில் ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். ஒரு கையை ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒரு கரகரப்பு விரலுக்கு எட்டும். ஆட்டுக்கல்லில் மணல் விழுந்தது போல. மறு பக்கச் சக்கரத்திலும் இதே மாதிரி செய்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிறகு ஆட்டம் பார்ப்பது. சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்காக இருக்கலாம், கீழே நக்கிளையும் லோயர் ஆர்மையும் சேர்க்கிற பால் ஜாயின்டாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் ஜாயின்ட். இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கிலிருந்து வருகிற கம்பியை நக்கிளோடு சேர்க்கிற டை ராட் எண்டைப் பாருங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டம் இல்லை என்பதற்காக பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பள்ளத்தில் தோல் பெயர்ந்து சத்தம் போட ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஆட்டம் வரும். ஒரு இடத்தில் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பேரிங்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆட்டம் வரும்வரை ஓட்டினால் பிரேக் மிதி ஆழமாகப் போகும், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு) விளக்கு எரியும், ஹப் கொதிக்கும். அதற்கும் மேல் போனால் சக்கரம் பிடித்துக்கொள்ளலாம், கழன்றுகூடப் போகலாம். சத்தம் கேட்ட வாரத்திலேயே பார்த்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு பேரிங்கின் பிரேதப் பரிசோதனை

இனி அந்த லேத் பட்டறை. மெக்கானிக் நக்கிளைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "கணபதில பிரஸ் பண்ணிட்டு வந்துருங்க" என்றார். முதல் தடவை கழற்றிய பழைய பேரிங்கையும் டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் லேத்துக்கார அண்ணன் மேசை மேல் வைத்தேன். நக்கிளுக்குள் இருந்த பேரிங்கையும் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்து, பழைய துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, வெளி வளையங்களை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

முதல் பேரிங்கில் இருந்த கிரீஸ் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ். வெளி வளையத்தின் பள்ளத்தில் ஒரே ஒரு பக்கம், விரல் நீளத்துக்கு, அம்மைத் தழும்பு போலச் சொரசொரப்பு. மீதி வட்டம் முழுக்கக் கண்ணாடி. ஏன் ஒரு பக்கம் மட்டும்? வெளி வளையம் சுற்றுவதில்லை. வண்டியின் பாரம் எப்போதும் அதன் மேல்பகுதி வழியாகவே குண்டுகளின் மேல் இறங்குகிறது. அந்த வில் மட்டும் தேய்ந்து தீர்ந்திருக்கிறது. "இது வயசாகிப் போனதுங்க தம்பி. கொஞ்சம் தண்ணியும் குடிச்சிருக்குது" என்றார்.

இரண்டாவதில் கிரீஸ் புதுசு போலவே இருந்தது. ஆனால் பள்ளத்தில், சுற்றிலும், ஒரே இடைவெளியில் மங்கலான சின்னச் சின்னக் குழிகள். எண்ணினால் ஒரு வரிசையில் இருந்த குண்டுகளின் எண்ணிக்கையும் குழிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. குண்டு ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்தில் முத்திரை குத்தியிருக்கிறது.

"இது சாகல. கொன்னுட்டாங்க."

முதல் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே பிரஸ் இல்லை. புது பேரிங்கை நக்கிள் துளையில் வைத்து, ஒரு இரும்புக் குழாய்த் துண்டை அதன் மேல் நிறுத்தி, சம்மட்டியால் அடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குழாய் சின்னது, அது உட்கார்ந்தது உள் வளையத்தின் மேல். உள்ளே நுழைய வேண்டியதோ வெளி வளையம். அப்படியானால் ஒவ்வொரு அடியும் எந்த வழியாகப் போயிருக்கும்? உள் வளையத்திலிருந்து குண்டுக்கு, குண்டிலிருந்து வெளி வளையத்துக்கு. களிமண்ணில் கோலிக்குண்டை அழுத்தினால் குழி விழுவது போல எஃகுப் பள்ளத்தில் குழி விழுந்துவிட்டது. கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத குழிதான். புது பேரிங் வண்டியில் ஏறும் முன்பே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. நாலு மாதம் ஓடியதே பெரிசு.

எனக்கு ஒரு சந்தேகம். கழற்றும்போதும் அழுத்தித்தானே எடுக்கிறீர்கள், அப்போது விழுந்த குழியாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். கழற்றும்போதும் குழி விழும், அதனால்தான் கழற்றிய பேரிங்கை எக்காரணம் கொண்டும் திரும்பப் போடக் கூடாது என்றார். ஆனால் அந்தக் குழியின் விளிம்பு கூராக, பளிச்சென்று இருக்கும். இந்தக் குழிகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. மேலே குண்டு மாதக்கணக்கில் உருண்டதன் அடையாளம்.

அழுத்தம் போகிற பாதை

இந்த வேலையில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். எந்த வளையம் இறுக்கமாக நுழைய வேண்டுமோ, அந்த வளையத்தின் மேல்தான் அழுத்த வேண்டும். குண்டு வழியாக அழுத்தம் போகவே கூடாது.

நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது நுழைவது வெளி வளையம். ஆகவே வெளி வளையத்தை மட்டும் தொடுகிற அளவில் ஒரு வளையத்தை மேலே வைத்து அழுத்த வேண்டும். அண்ணனிடம் இதற்கு ஒரு டப்பா நிறையப் பழைய பேரிங்குகளின் வெளி வளையங்கள் இருந்தன. வெளிப்புறத்தைக் கொஞ்சம் கிரைண்டிங்கில் ஏற்றிக் குறைத்து வைத்திருந்தார், இல்லாவிட்டால் அதுவே துளைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். துளையை முதலில் துணியால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் துருவை எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பேரிங்கை நேராக உட்கார வைக்க மட்டும் இரண்டு நிமிடம். பிறகு பிரஸ்ஸின் கைப்பிடியை மெதுவாக இறக்கினார். சாய்ந்தால் உடனே நிறுத்தி, விட்டு, மறுபடி நேராக்கினார். கடைசியில் சத்தம் மாறியது, அடியில் முட்டிவிட்டது. பேரிங் நழுவாமல் பிடிக்கிற சர்க்கிளிப் என்ற ஸ்பிரிங் வளையத்தைப் பள்ளத்தில் பூட்டினார்.

அடுத்து ஹப். இப்போது நுழைவது உள் வளையத்துக்குள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நக்கிளைக் கட்டை மேல் வைத்துவிட்டு மேலிருந்து ஹப்பை அழுத்தினால், உள் வளையத்துக்கு அடியில் பிடிமானம் எதுவும் இருக்காது. தள்ளு மறுபடி குண்டு வழியாகவே நக்கிளுக்கு இறங்கும். அண்ணன் உள் வளையத்துக்கு நேர் கீழே, அதைத் தாங்குகிற மாதிரி ஒரு குழாயை நிறுத்தி, அதன் மேல் எல்லாவற்றையும் உட்கார வைத்தார். பிறகுதான் ஹப்பை இறக்கினார். நக்கிள் சும்மா காற்றில் தொங்குவது போல இருந்தது, அதன் மேல் ஒரு பாரமும் இல்லை.

பழைய ஹப்பைப் பிரிக்கும்போது உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்போடேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அநேகமாக எப்போதும் அப்படித்தான் வருமாம். அதைப் புல்லர் போட்டு எடுத்தார். கிரைண்டரால் வெட்டி எடுக்கிறவர்களும் உண்டு, ஆனால் ஹப்பின் மேல் கத்தி பட்டுக் கோடு விழுந்தால் புது பேரிங் அதில் சரியாக உட்காராது.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தத் துகள் பூசிய பட்டை இருக்கும். சக்கரத்தின் வேகத்தை சென்சார் அதிலிருந்துதான் படிக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு விளக்கு எரியும், மறுபடி புது பேரிங் வாங்க வேண்டியதுதான். எது காந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. அண்ணன் ஒரு சின்னக் குண்டூசியை நூலில் கட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டார். பட்டையின் மேல் பெரிய காந்தம் எதையும் வைக்கக் கூடாது.

எல்லா வண்டிக்கும் இந்தப் பிரஸ் வேலை இல்லை. ஹப்பும் பேரிங்கும் ஒரே கட்டாக, நக்கிளில் மூன்று நாலு போல்ட்டில் பூட்டுகிற மாதிரி வருகிற கார்களும் உண்டு. அதில் கட்டையே மாற்றிவிடலாம், விலை கூட, வேலை குறைவு. பழைய ஜீப்புகளில் கூம்பு உருளை வைத்த பேரிங், கழற்றிக் கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கி ஆட்டம் சரி செய்வார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று ஸ்பேர்ஸ் கடையில் மாடல் சொன்னால் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

மீதி வேலை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் எவருக்கும் பழக்கமானதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நடு நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நீளப் பைப் போட்டு இளக்க வேண்டும். அதற்கு முன் நட்டின் ஓரத்தை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள், அதை நிமிர்த்த வேண்டும். பிறகு தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம், காலிப்பர், டிஸ்க், சென்சார், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாக. காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். டிரைவ் ஷாஃப்டை வெளியே இழுக்காமல் உள்பக்கமாகத் தள்ளி ஹப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். இழுத்தால் கியர்பாக்ஸ் பக்கம் கழன்று எண்ணெய் கொட்டும்.

திரும்ப மாட்டும்போது நடு நட்டு மட்டும் முக்கியம். உள் வளையம் இரண்டு பாதி என்று சொன்னேன் இல்லையா, அந்த இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பது இந்த நட்டுதான். சரியான இறுக்கம் இல்லாவிட்டால் பாதிகள் பிரியும், குண்டு தளரும், புது பேரிங் சீக்கிரமே ஆடும். அதனால்தான் இந்த நட்டு இல்லாமல் வண்டியைத் தரையில் இறக்கி ஓரடிகூட உருட்டக் கூடாது. புது நட்டுதான் போட வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஒரு அந்தாசுக்கு, 200 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் இருபது கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்ட அளவு. அந்தாசு புரிவதற்குத்தான். வேலைக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச். என் மெக்கானிக்கிடம் அது இருந்தது என்பதும் நான் அவரிடம் போனதற்கு ஒரு காரணம்.

ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்க பேரிங் போனால் மறு பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தமில்லாத பேரிங்கை நான் தொடவில்லை; ஆகிற செலவில் பேரிங் விலையை விடக் கூலிதான் அதிகம்.

பேரிங் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், போலி நிறைய. சந்தையில் அதிகம் போலியாகிற பெயர்களில் எஸ்.கே.எஃப். ஒன்று. அந்தக் கம்பெனி பிறந்த கதை கோவைக்காரர்களுக்குப் பிடிக்கும். சுவீடனில் கோத்தன்பர்க் ஊரில் ஒரு துணி மில்லில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். மில் நின்றது களிமண் பூமியில். தரை அசைந்து ஷாஃப்ட் கோணி, பேரிங் போய்க்கொண்டே இருந்தது. அந்த எரிச்சலில் கோணினாலும் தானாகச் சரிசெய்துகொள்கிற பேரிங் ஒன்றைக் கண்டுபிடித்து, 1907-ல் கம்பெனி தொடங்கினார். மில் ஓடும் ஊரில் பேரிங் ஞானம் வருவது இயல்பு என்று லேத்துக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் அப்பாவும் மில் மெயின்டனன்ஸில் இருந்தவராம்.

கூலி வாங்கிக்கொண்டு, என் பழைய பேரிங்குகள் இரண்டையும் கையில் எடுத்தார். "இத வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க, இங்கயே இருக்கட்டுமுங்க" என்றவர், வயசாகிப் போன முதல் பேரிங்கின் வெளி வளையத்தைத் தனியாக எடுத்து, அளவு பார்த்து, அந்த டப்பாவுக்குள் போட்டார்.